பாலக்காட்டுப் பித்தளையில் ஒரு ரோமானியப் புதிர்: 3,800 ரூபாய்க்குத் தகுமா?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பக்கம், குத்துவிளக்கும் உருளியும் வார்க்கும் பட்டறை ஒன்று இப்போது ‘ரோமன் டோடெகாஹெட்ரன்’ விற்கிறது. பன்னிரண்டு ஐங்கோண முகம், முகத்துக்கு ஒரு வட்டத் துளை, இருபது மூலையிலும் உருண்டைக் குமிழ், உள்ளே வெறும் கூடு. விலை 3,800 ரூபாய். பாதி முன்பணம், மூன்று வாரத்தில் கைக்கு வரும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வார்ப்பு நன்று, கனம் அதிகம், உலோகத்தைப் பற்றிச் சொன்னது சரியில்லை, கூட வைத்துத் தரும் விளக்கத்தாள் எதற்கும் ஆகாது.

பன்னிருமுகி என்று தமிழில் சொல்லப்படும் இந்த வடிவத்தின் அசல்கள் கி.பி. 2 முதல் 4-ம் நூற்றாண்டு வரையிலானவை. பதிவுக்கு வந்த முதல் துண்டு 1739-ல் இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷைர் பகுதியின் ஆஸ்டன் என்ற ஊரில் கிடைத்தது. இன்று நூற்றுக்கு மேல் கையிருப்பு உண்டு. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து என்று பெரும்பாலும் பேரரசின் வடமேற்கு மூலை. ரோம் நகரம் இருக்கும் இத்தாலியில் ஒன்றுகூட இல்லை. 4 செ.மீ. அளவில் குட்டியும் உண்டு, 11 செ.மீ. அளவில் பெரியதும் உண்டு. துளையுள்ள இந்த வகையில் எதிலும் எண் கிடையாது, எழுத்து கிடையாது. இப்படியொரு பொருளைப் பற்றி எந்த ரோமானிய நூலும் பேசவில்லை. எந்தச் சுவரோவியத்திலும் இது இல்லை. அதனால்தான் மெழுகுவர்த்தித் தாங்கி, தூரமானி, விதைப்பு நாள்காட்டி, கையுறை பின்னும் கருவி, பகடை, தண்டத்தின் தலை என்று ஆளுக்கொரு பேர் வைத்திருக்கிறார்கள்.

பட்டறை முன்மாதிரியாக எடுத்தது நார்டன் டிஸ்னி துண்டை. 2023 கோடையில் இங்கிலாந்தின் லிங்கன்ஷைரில் அந்தக் கிராமத்துத் தொல்லியல் ஆர்வலர் குழு தோண்டி எடுத்தது அது. உடையாமல், நசுங்காமல், முழுசாக வந்ததால் அளவெடுக்க வசதி. உயரம் சுமார் 8 செ.மீ., எடை 245 கிராம். உலோகத்தில் செம்பு 75, ஈயம் 18, வெள்ளீயம் 7 விழுக்காடு. நல்ல தேர்வுதான். கேள்வி, நகல் அதை எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது என்பது.

வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் விளிம்பு நீளம் 30 மி.மீ., எதிரெதிர் முகங்களுக்கு இடையே 67 மி.மீ. மேசையில் வைத்தால் ஐந்து குமிழ்களின் மேல் நிற்கும். அப்போது உயரம் 8 செ.மீ. சரியாக வருகிறது. பன்னிரண்டு முகத்தில் எதைக் கீழே வைத்தாலும் ஆடாமல் நிற்கிறது. கையால் வார்த்த சாமானில் இது எளிதில் வராது. ஒரு குமிழ் அரை மில்லி நீண்டாலும் தட்டினால் டக் டக் என்று ஆடும். ராவி ராவிச் சமன் செய்திருக்கிறார்கள். துளைகள் 10 மி.மீ.யில் தொடங்கி 26 மி.மீ. வரை போகின்றன. அசல்களைப் போலவே எதிரெதிர்த் துளைகள் ஒரே அளவில் இல்லை. இதெல்லாம் சரி.

எடைதான் இடிக்கிறது. 412 கிராம். முன்மாதிரியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். காரணம் சுவர். துளைகளைக் கழித்துவிட்டால் இந்த அளவுப் பன்னிருமுகிக்கு மிச்சமிருக்கும் பரப்பு ஏறக்குறைய 150 சதுர செ.மீ.; குமிழ்கள் இருபதும் சேர்ந்து 46 கிராம் வரை வரும். அந்தக் கணக்கில் 245 கிராம் நிற்க வேண்டுமானால் சுவர் ஒன்றரை மில்லிதான் இருக்க முடியும். நகலின் சுவரோ துளை ஓரத்தில் 2.6 முதல் 3.1 மி.மீ. வரை இருக்கிறது. பார்வைக்கு இது தெரியாது. கையில் எடுத்தால் எடைக்கல் தூக்குகிற பாரம் தெரியும்.

பட்டறையைக் குறை சொல்லுமுன் வார்ப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பொருளில் சுவையான இடமே அதுதான். தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் கடலையெண்ணெயும் காய்ச்சி, தகடாகத் தட்டி, பன்னிரண்டு ஐங்கோணம் வெட்டுகிறார்கள். அவற்றைக் கூடாக ஒட்டி, உள்ளும் புறமும் களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறினால் உலோகம் சுருங்கும் என்பதால் 30 மி.மீ. வேண்டுமென்றால் மெழுகில் 30.5 மி.மீ. வைக்க வேண்டும். இரண்டு முகம் சேரும் கோணம் 116.6 பாகை, ஆகவே ஒவ்வொரு தகட்டின் ஓரத்தையும் 58 பாகைக்குச் சாய்த்துச் சீவ வேண்டும். சாய்வில் ஒரு பாகை தவறினால் முதல் ஐந்தாறு தகட்டில் ஒன்றும் தெரியாது. பிழை சேர்ந்துகொண்டே வந்து, கடைசித் தகட்டில் வாய் மூடாது. அந்த இடைவெளியை மெழுகு விட்டு அடைப்பார்கள். வார்த்து முடித்த பின் அந்த விளிம்பு மட்டும் தடித்து நிற்கும். இந்த நகலில் அப்படி ஒரு விளிம்பு உண்டு. மிகப் பெரிய துளைக்கு வலப்பக்கம், விரலால் தடவினால் தட்டுப்படும்.

துளைகள் எதற்கு என்று உலகமே கேட்கிறது. வார்ப்புக்காரன் கண்ணால் பார்த்தால் ஒரு விஷயம் உடனே புலப்படும். உள்ளே கூடாக வார்க்கும் எந்தச் சாமானிலும் பெரிய தலைவலி உட்கரு. மெழுகு உருகி வழிந்த பின் உள்ளே இருக்கும் களிமண் கரு எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் நிற்க முடியாது. இரும்பு ஆணி குத்தி நிறுத்த வேண்டும். இங்கே பன்னிரண்டு துளை வழியாகவும் உள்மண்ணும் வெளிமண்ணும் ஒன்றாகவே கைகோத்துக்கொள்கின்றன. கரு அசைய வழியே இல்லை, ஆணித்தழும்பும் விழாது. வார்த்த பிறகு மண்ணைக் குடைந்து எடுக்கவும் அதே துளைதான். இதற்காகத்தான் துளை வைத்தார்கள் என்று சொல்லவில்லை. அதற்குத் துளைகள் பலவித அளவில் இருக்க வேண்டியதில்லையே. ஆனால் இந்த வடிவத்தை வார்ப்பவர்கள் வார்ப்பின் நெளிவு சுளிவு தெரிந்தவர்கள் என்பது நிச்சயம்.

வார்ப்பில் என்ன கெடும்? இரண்டு இடம். ஒன்று, மெல்லிய சுவரில் உருக்கு, அதாவது உருகிய உலோகம், ஓடி முடிப்பதற்குள் ஆறிப்போவது. இரண்டு பக்கமிருந்து வரும் ஓட்டங்கள் சந்திக்கும் இடத்தில் கலக்காமல் மடிப்பு மாதிரி கோடு விழும். பிறகு தட்டினால் அங்கேதான் பிளக்கும். அச்சு செஞ்சூட்டில் இருக்கும்போதே, பித்தளையை 1,050 பாகை செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சி ஊற்றினால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் அவ்வளவு சூட்டில் பித்தளையிலிருக்கும் துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பும், ஏனென்றால் அது கொதிப்பதே 907 பாகையில். புகைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே ஒரு சமரசமாகச் சுவரைத் தடிப்பாக்கிவிட்டார்கள். ரோமானியர்கள் இந்தச் சிக்கலை ஈயத்தைக் கொண்டு தீர்த்தார்கள். 18 விழுக்காடு ஈயம் கலந்த வெண்கலம் குறைந்த சூட்டிலேயே தண்ணீராய் ஓடும், மூலைமுடுக்கெல்லாம் நிறையும், செலவும் குறைவு. அதனால் ஒன்றரை மில்லி சுவர் அவர்களுக்குக் கைகூடியது. இன்று அந்தக் கலவையைக் கேட்டு வாங்க வேண்டாம். உருக்குபவர் மூச்சுக்கும் கெடுதல், பிள்ளைகள் கையில் வைத்து விளையாடும் பொருளுக்கும் ஆகாது.

இரண்டாவது கெடும் இடம் குமிழ். மூன்று விளிம்பும் ஒரு குமிழும் கூடும் முனையில் உலோகம் திரண்டு நிற்கும். மற்ற இடமெல்லாம் இறுகிய பின் கடைசியாக இறுகும். அப்போது இழுக்க உருக்கு கிடைக்காமல் குமிழின் கழுத்தில் குழி விழும். இருபதில் பதினாறு குமிழ் சுத்தம். மூன்றில் கழுத்தோரம் ஊசிமுனைக் குழிகள். ஒன்று வார்ப்பில் வராமல் போய், பின்னால் தனியாகச் செய்து பற்றவைத்தது. பற்றுப் போட்ட இடத்தில் வெளிறிய கோடு ஓடுகிறது, கறுப்புப் பூச்சு அங்கே பிடிக்கவில்லை. விற்பவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனித்தால் கைவேலையின் வழி தெரியும். ஒரு முகத்தைச் சுற்றியுள்ள ஐந்து குமிழ்களும் மற்றவற்றைவிடச் சிறியவை. மற்றவை 8 மி.மீ., இவை 7-ஐக் கொஞ்சம் தாண்டும். உருக்கு உள்ளே போன வாய் அந்த ஐந்து குமிழ் வழியாகத்தான். அறுத்து ராவியதில் இளைத்துவிட்டன. காட்சிக்கு வைக்கும்போது அந்த முகத்தைக் கீழே வையுங்கள்.

துளைகளைச் சுற்றி அசல்களில் இருப்பதுபோல் வட்டக் கோடுகள் கீறியிருக்கிறார்கள். சிறு துளைகளில் நேர்த்தி. பெரிய துளைகளில் கவராயம் ஊன்ற நடுப்புள்ளி இல்லாததால் கோடு தள்ளாடுகிறது. மெழுகிலேயே, துளை போடுமுன் கீறியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இனி உலோகம். பெட்டியில் ‘வெண்கலம்’ என்று அச்சடித்திருக்கிறது. நிறமே காட்டிக்கொடுக்கிறது: ராவிய இடம் எலுமிச்சை மஞ்சள். சந்தேகம் தீர வீட்டிலேயே பார்க்கலாம். சமையலறை மின்தராசில் எடை போடுங்கள்: 412. பிறகு நூலில் கட்டி, தண்ணீர் நிறைந்த வாளிக்குள் முழுக விட்டு, உள்ளே காற்றுக்குமிழி தங்காதபடி குலுக்கி, வாளியின் அடியில் படாமல் தொங்கும் எடையைக் கொக்கித் தராசில் பாருங்கள்: 363. வித்தியாசம் 49, அதுவே கன செ.மீ. கணக்கில் பொருளின் பருமன். 412-ஐ 49-ஆல் வகுத்தால் 8.4 வரும். அது பித்தளையின் அடர்த்தி. வெள்ளீயம் கலந்த வெண்கலம் பொதுவாக 8.7-க்குக் குறையாது; நார்டன் டிஸ்னி கலவையோ 9-ஐத் தாண்டும். பித்தளை என்று சொல்லியே விற்றிருந்தாலும் வாங்க ஆளுண்டு. ஏன் மறைக்க வேண்டும்? உருளிக்குப் போடும் ஓட்டு உலோகத்திலேயே வார்த்துத் தாருங்கள் என்று கேட்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். அதில் வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். நாதம் நன்றாக வரும், ஆனால் கீழே விழுந்தால் கழுத்து மெலிந்த குமிழ் ஒடியும்.

விளக்கத்தாளுக்கு வருவோம். ‘முசிறித் துறைமுகம் வழியாகப் பாலக்காட்டுக் கணவாய்க்கு வந்த ரோமானிய வணிகர்களின் அளவைக் கருவி’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. கணவாய் வழியே ரோமானியப் பணம் வந்தது உண்மை. கோயம்புத்தூர் வெள்ளலூரில் காசுக் குவியல்கள் கிடைத்திருக்கின்றன, முசிறி என்று கருதப்படும் கேரளத்துப் பட்டணம் ஊரின் அகழாய்வில் மத்தியதரைக்கடல் மதுச்சாடிகளின் ஓடுகள் குவிந்திருக்கின்றன. ஆனால் பன்னிருமுகி ஒன்றுகூட இந்தப் பக்கம் கிடைத்ததில்லை. கிழக்கே இதன் சாயலில் கிடைப்பவை வியட்நாமின் ஓக் இயோ முதலான இடங்களின் சின்னஞ்சிறு பொன்மணிகள். அவை நகை, வேறு சங்கதி. நம்மூர்ப் பெருமையை ஏற்றிவைக்க வெள்ளலூர்க் காசும் முசிறிச் சாடியும் போதும்; இதையும் சேர்த்து இழுக்கத் தேவையில்லை.

அளவைக் கருவி என்ற பேச்சு அசல் ஆய்வாளர்களிடமிருந்தும் வந்ததுதான் என்பதால் அதைச் சோதித்துப் பார்ப்பது நியாயம். நகல் வாங்குவதன் முழுப்பயனும் இங்கேதான். ராணுவம் தூரம் அளக்க வைத்திருந்தது என்ற தூரமானிக் கருத்தின்படி சிறிய துளையில் கண்ணை வைத்து எதிர்த்துளை வழியே பார்க்க வேண்டும். கண்ணை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் இரண்டு வட்டமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும். அப்போது தெரிந்த உயரமுள்ள கம்பு ஒன்று அந்த வட்டத்தை மேலிருந்து கீழ்வரை நிறைத்தால், கம்பு இத்தனை தூரத்தில் என்று சொல்லிவிடலாம். கணிதம் எளிது: இரு துளை விட்டங்களின் வித்தியாசத்தை நடுவிலுள்ள 67 மி.மீ.யால் வகுத்தால் பார்வைக் கோணம். இந்த நகலில் 14.5 மி.மீ. துளைக்கு எதிரே 26 மி.மீ. இருக்கிறது. வித்தியாசம் 11.5. இரண்டு மீட்டர் கம்பு 11.6 மீட்டர் தூரத்தில் வட்டத்தை நிறைக்கும். டேப் பிடித்துப் பார்த்தாலும் அந்தச் சுற்றில்தான் வருகிறது. ஆக, கொள்கை தவறில்லை.

ஆனால் ஒரு துளை ஒரு மில்லி தேய்ந்தாலோ வார்ப்பில் பிசகினாலோ 11.6 மீட்டர் 12.8 ஆகிவிடுகிறது. அதுகூடப் பரவாயில்லை. 18.5-க்கு எதிரே 20 மி.மீ. இருக்கும் ஜோடியை எடுங்கள். வித்தியாசம் ஒன்றரை மில்லி. தூரம் 89 மீட்டர். அரை மில்லி பிழை வந்தால் அது 67 மீட்டராகவும் ஆகலாம், 134 மீட்டராகவும் ஆகலாம். கையால் மெழுகில் வெட்டிய துளைக்கு அரை மில்லிப் பிழை சர்வசாதாரணம். போர்க்களத்துக்கு வேண்டியது தொலைதூரம்; அங்கேதான் இந்தக் கருவி கைவிடுகிறது. அதோடு ஒரு ஜோடிக்கு ஒரே தூரம்தான். எந்த ஜோடிக்கு எத்தனை அடி என்று முகத்தில் ஒரு கோடாவது கீறாமலா ஒரு ராணுவம் இதைத் தூக்கிக்கொண்டு அலையும்? அசல்களில் அப்படி ஒரு குறியும் இல்லை. ஒன்றின் துளை அளவு இன்னொன்றோடு சேர்வதும் இல்லை. குழாய் அளவி, காசு அளவி என்ற யோசனைகளும் இதே இடத்தில் அடிபடும். தரப்படுத்தாத அளவைக் கருவியை எந்தச் சந்தையில் வைத்து வியாபாரம் செய்வது?

கையுறைக் கதைதான் யூடியூபில் அதிகம் ஓடுவது. 2014 வாக்கில் பரவியது. ஒரு துளையைச் சுற்றியுள்ள ஐந்து குமிழில் கம்பளி நூலைச் சுற்றி, கொக்கியால் கண்ணி தூக்கிப் போட்டுக்கொண்டே வந்தால், துளைக்குள் குழல் மாதிரிப் பின்னல் இறங்கும். இந்த நகலில் அருமையாக நடக்கிறது. குமிழ்க் கழுத்து நூலைப் பிடிக்கத் தோதாக இருக்கிறது. பெரிய துளை பெருவிரலுக்கு, சிறிய துளை சுண்டுவிரலுக்கு என்று சொல்வார்கள். பின்னிப் பார்த்தால் பன்னிரண்டு முகத்திலும் ஒரே பருமனில்தான் குழல் வருகிறது. குழலின் சுற்றளவைத் தீர்மானிப்பது குமிழ்களுக்கு இடையேயான தூரம், துளையல்ல. குமிழ் இடைவெளியோ எல்லா முகத்திலும் ஒன்றே. 10 மி.மீ. துளையில் பின்னல் சிக்கிக்கொள்வது மட்டும்தான் மிச்சம். போதாததற்கு, கண்ணி போட்டுப் பின்னும் இவ்வகைப் பின்னல் ரோமானியர் காலத்தில் இருந்ததற்குச் சான்றில்லை. அசல்களின் குமிழ்க் கழுத்தில் நூல் அறுத்த தேய்மானமும் இல்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு விடுமுறை விளையாட்டாக வேண்டுமானால் தாராளமாகப் பயன்படும்.

மெழுகுவர்த்தித் தாங்கி கொஞ்சம் பலமான கட்சி. அசல் ஒன்றில் மெழுகின் எச்சம் ஒட்டியிருந்தது. விளக்கெரிக்கும் எண்ணெய்க்கு ஆலிவ் விளையாத வடக்குப் பகுதிகளிலேயே இது பெரும்பாலும் கிடைப்பதோடும் பொருந்துகிறது. நகலில் வர்த்தியைச் செருகிப் பார்த்தால் நிற்கிறது, கீழ்க் குமிழ்களால் மேசையில் சூடு இறங்கவில்லை. ஆனால் வழிந்த மெழுகு உள்ளே போய் உறைந்தால் எடுப்பது பெரும்பாடு. கொதிநீரில் அமிழ்த்தித்தான் எடுக்க வேண்டும், அதில் கறுப்புப் பூச்சும் மங்கும். இருபது குமிழும் பன்னிரண்டு துளையும் ஒரு வர்த்தியை நிறுத்தவா என்ற கேள்வியும் நிற்கிறது.

விதைப்பு நாள்காட்டிக் கருத்தை இங்கே சோதித்தால் வேடிக்கை. நெதர்லாந்து, வட ஜெர்மனி பக்கம் மார்ச் 21-ஐ ஒட்டி நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 38 பாகைதான் ஏறும். சாய்ந்த வெயில் துளைகள் வழியே விழும் கோணத்தை வைத்து விதைக்கும் நாளைக் கணிக்கலாம் என்பது வாதம். பாலக்காட்டில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை உச்சந்தலைக்கு நேராக வருகிறான்: விஷுவும் சித்திரை ஒன்றும் முடிந்த நாலைந்து நாளில் ஒரு முறை, ஆவணி இரண்டாம் வாரத்தில் ஒரு முறை. அன்றைக்குப் பகல் 12.23-ஐ ஒட்டி, பெரிய துளை மேலே இருக்கும்படி மொட்டைமாடியில் வையுங்கள். மேல்துளை வெளிச்சம் நேரே கீழ்த்துளைக்குள் இறங்கித் தரையில் முழு வட்டமாக விழும். பார்க்க அழகு. ஆனால் முன்பின் இரண்டு மூன்று நாளும் ஏறக்குறைய அதே வட்டம்தான். நாள் குறிக்கும் துல்லியம் இதில் இல்லை.

இவ்வளவும் செய்து பார்த்த பின் மிஞ்சுவது, இது வேலைக்கருவி அல்ல என்ற எண்ணம்தான். ஜெர்மனியில் கிரெஃபெல்ட் அருகே கெல்லெப்பில் ஒரு பன்னிருமுகி செல்வப் பெண் ஒருத்தியின் கல்லறையில், எலும்பால் செய்த கோல் போன்ற ஒன்றோடு கிடைத்தது. காசுப் புதையல்களோடு சேர்த்துப் புதைத்தவையும் உண்டு. 1982-ல் ஜெனீவாவில் கிடைத்த, ஈயத்தின் மேல் வெள்ளி போர்த்திய, துளையில்லாத பன்னிருமுகியின் முகங்களில் பன்னிரண்டு ராசிகளின் பேர் பொறித்திருந்தது. குறி சொல்லவோ வழிபாட்டுக்கோ, மதிப்போடு வைத்திருந்த பொருள் என்று கொள்வதே தேய்மானமின்மைக்கும் இத்தனை பாடுபட்ட வார்ப்புக்கும் ஒத்துவருகிறது. பட்டறை தன் விளக்கத்தாளில் இந்த ஜெனீவாத் துண்டைப் பற்றி நான்கு வரி போட்டிருந்தால், ஜாதகக் கட்டம் தெரிந்த நம் ஆட்கள் இன்னும் ஆசையாக வாங்கியிருப்பார்கள்.

பாலக்காடு டவுனில் முப்பரிமாண அச்சுக் கடைகளில் இதையே 650 ரூபாய்க்குப் பிளாஸ்டிக்கில் எடுத்துத் தருகிறார்கள். கோணம் பிசகாது, துளை அளவு சொன்னபடி வரும். தூரமானிச் சோதனைக்கு உண்மையில் அதுதான் மேல். ஆனால் உள்ளே முட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் சிம்புகளைச் சிறு துளை வழியே பிய்த்தெடுக்க வேண்டும். குமிழின் அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். அச்சுக்குப் பயன்படும் சாதாரண பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழை 60 பாகையிலேயே இளகும். மேடமாச (சித்திரை) வெயிலில் வாளையார்ப் பக்கம் நிறுத்திய காருக்குள் விட்டால் முகம் கோணிவிடும். மெழுகுவர்த்தியை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு பிளாஸ்டிக், வீட்டு அலமாரிக்குப் பித்தளை.

பட்டறையில் ஆர்டர் கொடுப்பதானால் வாய்மொழியாக விடாதீர்கள். இப்படிச் சொல்லி, பில்லிலும் எழுதி வாங்குங்கள்: “அண்ணா, சுவர் ரெண்டு மில்லிக்கு மேல போக வேண்டாமுங்க. குமிழ் எல்லாம் மெழுகுலயே வெச்சு வார்த்துக் குடுங்க, பின்னால பத்த வெக்கிற வேலை வேண்டாம். எடை முன்னூறு கிராம்ல நிக்கணுமுங்க.” இரண்டு மில்லிச் சுவர் பித்தளையில் முடியும், அந்தக் கனத்தில் எடை 300 கிராமை ஒட்டித்தான் வரும். அதற்குக் கூலி கூடக் கேட்டால் கொடுக்கலாம், 3,800-ல் உலோகத்தின் பங்கு சொற்பம், மெழுகு வேலைதான் காசு. கறுப்புப் பூச்சு வேண்டாமென்று சொல்வதும் நல்லது: பூச்சில்லாவிட்டால் பற்றுப் போட்ட இடமும் ஊசிக்குழியும் ஒளிய முடியாது. கையில் வாங்கியதும் மேசையில் பன்னிரண்டு முகமும் மாற்றி மாற்றி வைத்து ஆட்டிப் பாருங்கள். ஒவ்வொரு குமிழையும் நகத்தால் சுண்டுங்கள். நல்ல வார்ப்பு கணீர் என்னும், உள்ளே பொத்தல் இருந்தால் மொத்தென்று கேட்கும்.

புளி போட்டுத் தேய்க்கலாம், ஆனால் துளை ஓரத்திலும் வட்டக் கோட்டிலும் புளி தங்கினால் பச்சைக் களிம்பு பூக்கும்; பழைய பல்துலக்கும் தூரிகையால் கழுவி, உடனே துடைத்து, வெயிலில் காயவையுங்கள். கூரியரில் வாங்குபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: இப்போதைய அட்டைப்பெட்டியில் குமிழ் நேராக அட்டையில் முட்டி நிற்கிறது, உள்ளே பஞ்சோ தேங்காய்நாரோ எதுவும் இல்லை. பெட்டியைத் தூக்கிப் போட்டால் முதலில் அடிவாங்குவது அந்த ஊசிக்குழி விழுந்த கழுத்துதான். முடிந்தால் நேரில் போய் எடுத்துக்கொள்ளுங்கள். கொழிஞ்சாம்பாறை வழி போகும் பஸ்கள் பொள்ளாச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் உண்டு.